நுரையீரலில் உறைந்த குருதியும் ஒரு வட்ஸ்அப் செய்தியும்

2020 நடுப்பகுதியில் நம்மில் பலருக்கும் வந்த அந்தச் செய்தி நினைவிருக்கும். இத்தாலி வைத்தியர்கள் தடையை மீறி, கொரோனாவில் மரணித்தவர்களின் உடலை வெட்டிப் பார்த்தார்களாம். அது வைரஸே இல்லையாம், பற்றீரியாவாம். குருதி உறைந்துதான் ஆட்கள் இறக்கிறார்களாம். அஸ்பிரின் குடித்தால் சுகமாம். அடுத்த வருடம் அதே செய்தி "சிங்கப்பூர் வைத்தியர்கள்" என்று வந்தது. ஊர் மட்டும்தான் மாறியிருந்தது.

முழுப் பொய்யென்றால் இதைத் தூக்கி எறிந்துவிடலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல்.

ஜேர்மனியில் ஆரம்பத்தில், தொற்று அபாயம் கருதி பிரேத பரிசோதனைகளைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தல் இருந்தது உண்மை. ஹம்பர்க் நகரம் அந்த வழியில் போகவில்லை. அங்கு முதலில் பரிசோதித்த 12 உடல்களில் 7 பேரின் நாளங்களில், உயிரோடு இருந்தபோது யாரும் சந்தேகிக்காத குருதிக்கட்டிகள் இருந்தன. 4 பேருக்கு அது நுரையீரலுக்குப் போனதே மரணத்துக்கு நேரடிக் காரணம். ஆனால் 12 பேரின் நுரையீரலிலும் வைரஸ் இருந்தது. வட்ஸ்அப் செய்தி விழுங்கிவிட்ட வரி இதுதான்.

காலில் உண்டாகும் கட்டி நுரையீரலுக்குப் பயணிக்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1846இலேயே பெர்லினில் ருடோல்ஃப் விர்ச்சோ என்ற இளம் வைத்தியர் அதைக் காட்டிவிட்டார். அப்போது அவருக்கு 25 வயதளவுதான்.

கடும் தொற்றில் இன்னொன்றும் நடக்கிறது. நுரையீரலின் மயிர்த்துளைக்குழாய்களுக்குள்ளேயே குருதி உறைகிறது. ஏன்? 1956இல் ஃபிரெடெரிக் பாங் என்ற அமெரிக்க ஆய்வாளர் குதிரைலாட நண்டுக்குப் பற்றீரியாவை ஏற்றிப் பார்த்தார். அதன் உடலெங்கும் குருதி உறைந்து நண்டு செத்தது. கிருமியைச் சுற்றி மதில் கட்டுவதுதான் அந்த உறைதலின் நோக்கம். மிகப் பழைய பாதுகாப்பு முறை, நம் உடலிலும் இருக்கிறது. காயம்பட்ட குழாய்ச் சுவரில் வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுகளும் சேர்ந்து வலை பின்னுகின்றன. விரலில் என்றால் பரவாயில்லை. நுரையீரலில் சிற்றறைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவர் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. (விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் கீறும் அதே படம்தான்.) ஒரு பக்கம் அழற்சியால் நீர் கசிந்து சிற்றறை நிரம்புகிறது. மறுபக்கம் குருதி அடைபடுகிறது. ஒட்சிசன் எந்த வழியால் போவது?

அப்படியானால் உறையாமல் தடுத்தால் சரிதானே? உலகத்தின் பெரிய வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2001இல் அமெரிக்காவில் 'சிக்ரிஸ்' என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கடும் தொற்றில் குருதி உறைவதையும் அழற்சியையும் ஒன்றாக அடக்கும் மருந்து. முதல் ஆய்வில் மரணம் 30.8 வீதத்திலிருந்து 24.7 வீதமாகக் குறைந்திருந்தது. ஒருவருக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவு. பத்து வருடம் கழித்து இன்னோர் ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. 2011இல் கம்பனியே அதைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றது.

கொவிட்டிலும் கதை நேர்கோட்டில் போகவில்லை. மலிவான பழைய மருந்தான டெக்ஸாமெதசோன், அழற்சியை அடக்கி, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கூடிய அளவில் கொடுத்தபோது நடுத்தர நோயாளிகளுக்கு உதவியது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. அஸ்பிரின்? பிரித்தானியாவில் வைத்தியசாலைகளில் இருந்த சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். குடித்தவர்களில் 17 வீதம் மரணம். குடிக்காதவர்களிலும் 17 வீதம்.

இதை இப்போது எழுதக் காரணம் டெங்கு. 2017இல் மட்டும் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. அஸ்பிரின் மிஞ்சியவற்றின் வேலையையும் கெடுத்து, குருதிப்பெருக்கை வரவைக்கும். ஆனால் அந்த வட்ஸ்அப் செய்தியைப் படித்தவர் மனதில் நிற்பது "காய்ச்சலுக்கு அஸ்பிரின்" என்பது மட்டும்தான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், அதையும் அளவோடு. இருதய நோய்க்காக வைத்தியர் சொல்லி அஸ்பிரின் குடிப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்த அன்றே அந்த வைத்தியரிடம் கேளுங்கள்.