தீர விசாரிப்பதே மெய்

1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், காலராவால் உடல் வற்றிக் கிடந்தவர்களின் சிரைக்குள் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்புநீரைச் செலுத்தினார். இறப்பின் வாயிலில் நின்றவர்களிற் சிலர் மீண்டெழுந்தனர். நாடி தளர்ந்து கைகால் குளிர்ந்தால் விரைந்து நீர் ஏற்றுவது பின்னாளில் மருத்துவத்தின் கேள்விக்கப்பாற்பட்ட விதியாகவே ஆயிற்று.

காலராவில் உடல் நீரை இழக்கிறது. கடும் மலேரியாவிலோ ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன, இரத்தசோகையும் சேர்கிறது. அறிகுறி ஒன்றாயினும் காரணம் வேறு. அவ்வாறாயின் மருந்தும் ஒன்றாக இருக்கலாமா?

கென்யாவின் கிலிஃபியில் 150 குழந்தைகளிடம் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், உப்புநீர் பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் அல்புமின் பெற்றோரில் 3.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அல்புமினே உயர்ந்தது என்று எண்ண இடமிருந்தது. ஆனால் சிறிய எண்ணிக்கை பெரிய நம்பிக்கையைத் தாங்காது.

கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் பெரிய ஆய்வொன்று நடந்தது. கடுங்காய்ச்சலும் இரத்த ஓட்டத் தளர்ச்சியும் கொண்ட 3,141 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. மருந்து, உயிர்வளி, வேண்டியவர்க்கு இரத்தம் ஆகியவை எல்லோருக்கும் கிடைத்தன. விரைந்து ஏற்றும் நீர் மட்டும் ஒரு பிரிவினருக்குத் தரப்படவில்லை. 48 மணி நேரத்தில் அல்புமின் பெற்றோரில் 10.6 விழுக்காட்டினரும், உப்புநீர் பெற்றோரில் 10.5 விழுக்காட்டினரும், இரண்டும் பெறாதோரில் 7.3 விழுக்காட்டினரும் இறந்தனர். மலேரியா இருந்தோரிடமும் இல்லாதோரிடமும் தீங்கு ஒன்றாகவே தெரிந்தது. 2011-இல் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

நம்மைத் திகைக்க வைப்பது 2013-இல் வெளியான மறு பகுப்பாய்வு. நீர் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காட்டினரின் தளர்ச்சி நீங்கியிருந்தது. ஏற்றப்படாதோரில் 32 விழுக்காட்டினருக்கே நீங்கியது. ஆயினும் நீர் பெற்றோரே மிகுதியாக இறந்தனர். கட்டிலருகே நின்ற மருத்துவரின் கண் பொய் சொல்லவில்லை. அது ஒரு மணி நேரத்தை மட்டுமே கண்டது. பின்னர் நேர்ந்த இறப்பை நோயின் கொடுமை என்றே யாரும் கொண்டிருப்பர்.

இம்முடிவு வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்குப் பொருந்தாது. அத்தகையோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தீவிர சிகிச்சை வசதி மிக்க மருத்துவமனைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதும் விவாதத்திற்குரியதே. எனினும் 2016-இல் உலக சுகாதார நிறுவனம், முழு அதிர்ச்சி நிலையை எட்டாத குழந்தைகளுக்கு விரைந்து நீர் ஏற்ற வேண்டாம் என்று வழிகாட்டியது.

எந்த நீர் சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தவரை விடை கிட்டவில்லை. ஏற்றாமலே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டபோதுதான் கிட்டியது. அக்கேள்வி கேட்கப்படாத காலமெல்லாம், நூற்றுக்கு மூன்று பிள்ளைகள் நல்லெண்ணத்தாலேயே இறந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறவாதிருப்போம்.