முட்டுக்கட்டை போடும் செல்கள்

குத்தால சீசன் வந்தா எங்க தென்காசி வீட்ல சொந்தக்காரங்க கூட்டம் கூடிரும். அருவி அஞ்சாறு கிலோமீட்டர் தானே. அப்படி ஒரு தடவை எல்லாரும் ஐந்தருவிக்குக் கிளம்பினப்ப அத்தான் மட்டும் வரல. "நீங்க போயிட்டு வாங்க மாப்ள. அங்க அவசரம்னா நான் எங்க ஓடுறது?"ன்னாரு.

அவருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடல் உள்பக்கம் புண்ணாகி, ஒரு நாளைக்குப் பத்து தடவை, ரத்தத்தோட போகும். அத்தைக்கோ ஒரே தீர்ப்பு தான்: "பார்டர்ல புரோட்டா தின்னே குடலைக் கெடுத்துக்கிட்டான்." அது உண்மையான்னு தேடப் போய் ஒரு அருமையான கதை சிக்குச்சு.

தேரோட்டம் பாத்திருப்பீங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுற ஆள் இல்லன்னா தேர் எவன் வீட்டுக்குள்ளயாவது புகுந்துரும். நம்ம நோய் எதிர்ப்புப் படையிலயும் அப்படி ஒரு ஆள் இருக்கார். பேரு டி-ரெக், அதாவது ஒழுங்குபடுத்தும் டி செல்.

1970ல் அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் கெர்ஷனும் கோண்டோவும் 'அடக்கும் டி செல்கள்' இருக்குன்னு சொன்னாங்க. ஆராய்ச்சி அமோகமா நடந்துச்சு. ஆனா அதுக்கு அடையாளம்னு சொன்ன ஐ-ஜே மரபணுவை 1980களில் அதோட இடத்துல தேடினா, அப்படி ஒண்ணே இல்ல! அதோட அந்தப் பேச்சை எடுத்தாலே ஆளுங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க.

ஜப்பான்காரர் ஷிமோன் சாகாகுச்சி மட்டும் விடல. 1995ல், சிடி25 அடையாளம் உள்ள டி செல்களை நீக்கினா எலியோட படை அதோட உடம்பையே தாக்குதுன்னு காட்டினாரு.

குடல் சாட்சி அதுக்கு முன்னாடியே வந்திருந்துச்சு. 1993ல் ஃபியோனா பவ்ரி குழு, டி செல்களை ரெண்டு வகையாப் பிரிச்சு, எதிர்ப்புப் படையே இல்லாத எலிகளுக்குச் செலுத்தினாங்க. ஒரு வகையை மட்டும் போட்டா குடல் அழற்சி. கூடவே மத்த வகையையும் போட்டா நோய் வரல. குடல்ல கோடிக்கணக்கான கிருமிகள் சும்மா குடியிருக்கு. அதுங்க மேல படை பாயாம இருக்க முட்டுக்கட்டை வேணும்ல?

2001ல் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. இது பழுதான ஆண் குழந்தைகளுக்குக் கடுமையான வயித்துப்போக்கு வரும். டி-ரெக் உருவாகவே இந்த மரபணு தான் வேணும்னு 2003ல் தெரிஞ்சுது. 2025ல் இந்த ரெண்டு பேருக்கும் சாகாகுச்சிக்கும் மருத்துவ நோபல்.

அத்தான் மாதிரி ஆளுங்க கதை இன்னும் சிக்கல். அவங்க புண்ணான குடல்ல டி-ரெக் நிறையவே இருக்கு. வடம் இழுக்கிற கூட்டம் தான் அதோட பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

நம்ம வேலூருக்கும் இதுல ஒரு ஓரத் தொடர்பு உண்டு. 2000ல் சிஎம்சி மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலராவுக்குக் குடிக்கிற உப்புக் கரைசல்ல எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து பேதியைக் குறைச்சுக் காட்டினாங்க. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், கிருமிகளால சிறு கொழுப்பு அமிலமா மாறும். அதே அமிலங்கள் எலிக் குடல்ல டி-ரெக்கைப் பெருக்குதுன்னு 2013ல் அமெரிக்க, ஜப்பான் குழுக்கள் சொன்னாங்க. உடனே பழைய சோத்துப் பானையைத் தூக்கிராதீங்க, எலி வேற, அத்தான் வேற.

எல்லாத்தையும் அத்தான்கிட்ட சொன்னேன். புரோட்டா மட்டும் குத்தவாளி இல்லன்னதும் முகத்துல ஒரு நிம்மதி. அப்புறம் மெதுவா, "வயிறு சரியானதும் மாத்திரையை நானா நிறுத்திட்டேன் மாப்ள"ன்னாரு. போச்சுடா! நோய் திரும்பவும் கிளம்பினது அதுக்கப்புறம் தான். "அதுவும் வெளியில இருந்து போடுற முட்டுக்கட்டை தான் அத்தான். தேர் நிக்குதேன்னு கட்டையை உருவுவாங்களா?"ன்னேன்.

டாக்டர்கிட்ட திரும்பப் போனாரு. இப்ப மாத்திரையை விடறதில்ல. அடுத்த சீசனுக்கு ஐந்தருவிக்கும் வந்தாரு. கழிப்பறை எங்கன்னு பாத்து வச்சிட்டுத் தான் துண்டைக் கட்டினாரு. ஆனா குளிச்சாருங்க!