ஏலம்

போடிநாயக்கனூரில் ஏலமே ஏலத்துக்கு வரும். முதல் ஏலம், போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைச் சரிவுகளில் விளையும் காய். பழஞ்சொல், வடமொழியில் ‘ஏலா’. தாவரவியலார் சொல்லும் ‘எலெட்டாரியா’வும் மலையாள ‘ஏலத்தரி’யிலிருந்து போனதுதான்.

இரண்டாவது ஏலம் கப்பலில் வந்தது. அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல் போர்ச்சுகீசில் ‘லெய்லாவ்’ ஆனது. மலையாளம் ‘லேலம்’ என்று லகரத்தோடு வைத்துக்கொண்டது. சொல்லின் முதலில் லகரம் வராது என்ற பழைய இலக்கணம் தமிழில் அதை உதறிவிட்டது போலும்!

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் இப்போது கூவல் இல்லை. வியாபாரி தட்டிலிருந்து நாலு காயை எடுத்து உரித்து, ஏலரிசி கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணினியில் விலையைத் தட்டுகிறார். குவாத்தமாலாவில் விளைச்சல் படுத்தால் இங்கே விலை எகிறும்.

மின்சாரத்துக்கும் இதே சொல்தான். 2008இல் தொடங்கிய இந்திய எனர்ஜி எக்ஸ்சேஞ்சில் மறுநாள் மின்சாரம் 15 நிமிடத் துண்டுகளாக ஏலம் போகிறது. 2021இல் நேபாளமும் 2022இல் பூடானும் அந்தச் சந்தைக்குள் வந்தன. விற்பவரும் வாங்குபவரும் விலை எழுத, இரண்டும் சந்திக்கும் புள்ளியே எல்லாருக்கும் விலை. போடியில் அப்படியில்லை, அதிகம் கேட்டவருக்கே மூட்டை.