பாட்டனார் பிறந்த இடம்

நம்மோடு ஒரே பாடசாலையில் ஆசிரியராயிருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தமது குடும்ப வழிமுறையை ஏழு தலைமுறைவரை ஒரே மூச்சிற் சொல்லிவிடுவார். இன்ன பாட்டன், இன்ன வளவு, இன்னாளுக்குச் சீதனமாகப் போன பனங்காணி என்று அவர் அடுக்கிக்கொண்டு போகையில், ஒவ்வொரு பெயரையும் ஒரு துண்டு நிலம் தாங்கி நிற்பதை நாம் கண்டோம். காணி உறுதிகளுக்கும் அப்பால் ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் உள்ளன. வரியும் ஊழியமும் அறவிடுவதற்காகக் கரையோரப் பகுதிகளின் குடும்பங்களையும் காணிகளையும் அவர்கள் ஏட்டில் ஏற்றினர். கொழும்பிலே 1908இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வமிசாவளிகளை வரிசையாக அச்சிட்டு வந்தது. ஆள்வோனுக்கு எவனிடமிருந்து வரி வேண்டியிருந்ததோ, அவனுடைய பாட்டனுக்குப் பெயரும் திகதியும் கிடைத்துவிட்டன.

நண்பரைப் பார்த்து நாம் பொறாமைப்பட்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நமது வழிமுறை மூன்றாந் தலைமுறையிலேயே இருளில் இறங்கிவிடுகிறது. தந்தையார் 1921இல் ஊவாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தார். அதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் உண்டு. அவருடைய தகப்பனாராகிய நமது பாட்டனார் 1893ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். எங்கே பிறந்தார் என்பதே கேள்வி. அதே தோட்டத்துப் பழைய லயத்தில் என்று தந்தையார் சாகும்வரை சொல்லி வந்தார். எழுத்தில் ஒரு சான்றும் அவரிடம் இருக்கவில்லை.

செத்துப்போன ஒரு தொழிலாளி எந்தக் கூரையின்கீழ்ப் பிறந்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். 1948 நவம்பர் 15ஆந் திகதிக்குப்பின் இக்கேள்விக்கு அத்துணை எளிதாக விடை சொல்ல முடியாது. அன்று நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வமிசாவளிப் பிரஜையாவதற்கு இரண்டு வழிகளை வைத்தது. அவனுடைய தகப்பன் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அந்தப் பாட்டனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். பிறந்த இடத்திலேயே கொழுந்துக் கூடைகளுக்கிடையே வளர்ந்து, அங்கேயே தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியராகவும் ஆகிவிட்ட இருபத்தேழு வயதுத் தந்தையார் இந்த நாட்டவரா அல்லரா என்பது, பாட்டனார் முதன்முதலாக அழுத இடத்தைப் பொறுத்ததாயிற்று.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது நன்று. இலங்கையிற் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கான குடியியற் சட்டம் 1867இல் வந்தது. ஆயினும் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1897இலேதான் பதிவு கட்டாயமாயிற்று. 1948இல் முப்பது வயதுக்காரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் பிறந்தது 1918இல். அவனைப் பெற்றபோது தகப்பனுக்கு இருபத்தைந்து வயது எனக் கொண்டால், தகப்பன் பிறந்தது 1893இல். அதாவது கட்டாயப் பதிவுக்கு நான்கு ஆண்டு முந்தி. ஊவாவிலே சேனைப் பயிர் செய்த சிங்கள விவசாயிக்கும் வன்னியிலே வயல் விதைத்த தமிழனுக்கும் இக்கணக்கு ஒன்றே. அவர்களிலும் எத்தனையோ பேரிடம் தகப்பனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்திராது. அவர்களிடம் அதை எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்து எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. கேள்வி ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் கேட்கப்பட்டது. இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் 1953இல் கோடகன் பிள்ளை வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, சட்டத்தின் எழுத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையென்பது அவர்களுக்கு வசதியாகவே இருந்தது.

தோட்டத்தில் எழுத்தே இல்லையென்று எண்ணிவிடக்கூடாது. எழுதுவதில் வெள்ளைத் துரைமார் கஞ்சர்களல்லர். எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை ஏக்கர் கவ்வாத்து, எந்தக் கங்காணியின் பிரட்டில் எத்தனை ஆள் என்பதெல்லாம் நாள்தோறும் ஏட்டில் ஏறின. செக்ரோல் என்று தொழிலாளர் சொல்லும் பேரேட்டில் ஒருவனுடைய பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்படும். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். மலைநாட்டுப் பேச்சில் ‘பேர்’ என்னும் சொல்லே ஒருநாட் கூலிக்கு ஆகுபெயராயிற்று. மொழியியல் பயிலும் மாணவர் இதைச் சற்று ஆராயலாம். பெற்றோர் இட்ட பெயரும் துரை போட்ட பேரும் ஒரே சொல்லாகிவிட்ட இடம் வேறெங்கேனும் உண்டா என்பது நமக்குத் தெரியவில்லை.

அதைப்போலவே ‘துண்டு’. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையும் அந்த இனத்ததே. தோட்டத்தின் இலக்கம் பொறித்த அந்தத் தகட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டால் வழிச்செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு தொழிலாளியின் கடனில் ஏறும். வில்லையில் ஆளின் பெயர் வேண்டியிருக்கவில்லை. சரக்கு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது தெரிந்தாற் போதுமல்லவா?

இவ்வாறு வேலையும் கடனும் பதிவான அளவுக்குப் பிறப்பு பதிவாகவில்லை. கோப்பிக் காலத்தில் ஆட்கள் பறிப்புக் காலத்துக்கு வந்து போனார்கள். பிறப்புகள் பெரும்பாலும் ஊரிலேயே நிகழ்ந்தன. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட்டன. கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டியிருந்தது. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, பிள்ளைகள் பிறந்தன. பிறப்பைத் துரைக்கு அறிவிக்க, துரை பதிவாளருக்கு அறிக்கை அனுப்புவது பின்னாளைய முறை. தகப்பனுக்கு எழுத்தறிவில்லை. கணக்கப்பிள்ளை சொன்னதைக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதினார். முனியாண்டி மூனியாண்டியாகவும், இலட்சுமி லெட்சிமியாகவும், இராமசாமி ரமசமியாகவும் ஆனது அந்த மேசையின்மேலேதான். தொழிலாளர் தோட்டத்தை அழைத்த தமிழ்ப் பெயரும் பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயரும் பலவேளை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆகவே பாட்டி சொன்ன ஊரை ஏட்டில் தேடுபவன் முதலில் ஊர்ப்பெயருக்கே அகராதி தேடவேண்டும்.

நாம் தேடத் தொடங்கியது தந்தையார் இறந்த பின்னர். திகதியும் பதிவிலக்கமும் தெரியாதவன் இத்தனையாம் ஆண்டிலிருந்து இத்தனையாம் ஆண்டுவரை தேடித்தருக எனக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவேண்டும். கட்டினோம். 1890 முதல் 1897 வரை சிறுசிறு துண்டுகளாகக் கட்டினோம். ‘பதிவு காணப்படவில்லை’ என்னும் முத்திரை குத்திய தாள்கள் நமது பெட்டியில் இப்போதும் உள்ளன. பழைய ஆசுபத்திரி ஏடுகள் கறையானுக்குப் போயிருந்தன. பாட்டனார் சைவராதலால் ஞானஸ்நான ஏடு என்னும் வழியும் இல்லை. கைமாறிக் கைமாறி வந்த தோட்டத்தின் பண்டகசாலை மூலையில் 1908ஆம் ஆண்டுச் செக்ரோல் ஒன்றின் சில தாள்கள் அகப்பட்டன. அதிற் பாட்டனாரின் பெயர் இருந்தது. பதினைந்து வயதுப் பையன். அந்த மாதத்தில் இருபத்துமூன்று அரைப்பேர். அவர் இந்த மண்ணில் வேலை செய்தார் என்பதற்கு அது அசைக்கமுடியாத சான்று. பிறந்தார் என்பதற்குச் சான்றாகாது.

தந்தையாரின் கதைக்குத் திரும்புவோம். இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் 1949இல் வந்தது. விவாகமானவர் 1946 சனவரிக்கு முன் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்திருக்கவேண்டும். ஒருமுறை வெளியே போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படக்கூடாது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அதைப் பகிஷ்கரித்தது. தந்தையாரும் மனுச்செய்ய மறுத்தார். மனுச்செய்வதே, தாம் வமிசாவளிப் பிரஜையல்லர் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும் என்பது அவருடைய வாதம். பின்னர் பகிஷ்கரிப்புக் கைவிடப்பட்டது. 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதி கெடு முடியுமுன் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. அவர்களுள் உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. நமது குடும்பம் அந்தத் தொகையில் இல்லை. அதற்கிடையில் 1949இன் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்துவிட்டது. 1947இற் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்த வாக்கு அது என்பதை மறந்துவிட்டு இச்சட்டங்களைப் படிப்பவன் பாதியைத்தான் படிக்கிறான்.

1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே தகப்பனின் பிள்ளைகளான தந்தையாரும் சிற்றப்பாவும் ஒரே மேசையில் இருந்து வெவ்வேறு படிவங்களை நிரப்பினர். சிற்றப்பா தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் போய், நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மறுபடியும் கொழுந்துக் கணக்கு எழுதினார். தந்தையாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. பதிவுப் பிரஜை என்று அதில் எழுதியிருந்தது. அதை அவர் சட்டம்போட்டு மாட்டவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

நாடற்றவர் என்னும் பிரச்சினையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களின்போது குடும்பத்தில் அப்படி எவரும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே நாம் தேடியது எந்தக் கந்தோருக்கும் கொடுப்பதற்கல்ல. தந்தையார் பொய் சொல்லவில்லை என்று நிறுவிவிட வேண்டும் என்னும் ஆசைதான்.

ஓர் உண்மையை இதுவரை தள்ளிவைத்து வந்தோம். அத்தை, அதாவது தந்தையாரின் மூத்த சகோதரி, 1986இல் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் வேறொரு கதை சொன்னார். “தலைப்பிரசவம் தாய்வீட்டிலதான்டா. பூட்டி ஊருக்குப் போய் அப்பாவைப் பெத்து, மூணு மாசக் கைப்புள்ளையா மன்னார் பாதையில தூக்கிக்கிட்டு நடந்து வந்தாளாம்” என்றார். தந்தையார் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் பேறு பார்ப்பது தமிழர் வழக்கம். அதைவிட இயல்பான காரியம் வேறில்லை. அந்த வழக்கமே அரை நூற்றாண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளையின் நாட்டைத் தீர்மானிக்கும் என்று எந்தத் தாய் கண்டாள்?

சிற்றப்பாவின் மகன் துணைவர நாம் முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். அந்நாளில் கிராம முன்சீப்புகள் எழுதிய பிறப்பு இறப்பு ஏடுகளிற் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1893ஆம் ஆண்டின் ஏடு, ஓரம் கருகியதுபோற் பழுத்து, எஞ்சியிருந்தது. ஆவணி மாதத்துக்குரிய பக்கத்தில் ஒரு பிறப்பு. ஆண். தகப்பன் பெயர் நமது பூட்டனாரின் பெயரே. ஆனால் அந்தப் பெயருடையவர்கள் அதே ஏட்டில் இன்னும் நால்வர் இருந்தனர்.

இதில் ஒரு குரூரமான சமன்பாடு உள்ளது. பாட்டனார் அங்கே பிறந்திருந்தால் தாள் உண்டு, உரிமை இல்லை. இங்கே பிறந்திருந்தால் உரிமை உண்டு, தாள் இல்லை. தந்தையார் உயிரோடிருந்தால் அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டியிருப்போமா என்று சிற்றப்பாவின் மகன் கேட்டான். நாம் உடனே பதில் சொல்லவில்லை. வரலாறு பயில்கிறவனுக்குச் சான்றை மறைக்கும் உரிமை கிடையாது என்று வகுப்பறையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அன்று அந்தத் தாழ்வாரத்தில் அச்சொற்கள் வாயில் வரவில்லை.

பதிவை நமது கையாலேயே பிரதி செய்துகொண்டோம். இலக்கம், திகதி, பால், தகப்பன் பெயர், சாதி. பிள்ளையின் பெயருக்குரிய இடம் வெறுமையாயிருந்தது. அதை வெறுமையாகவே பிரதியிலும் விட்டு, 1908ஆம் ஆண்டுச் செக்ரோல் தாளோடு சேர்த்து மடித்து, தந்தையாரின் பத்திரம் இருந்த அதே அடித்தட்டில் வைத்திருக்கிறோம்.