ஏழு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த கண்டுபிடிப்பு

2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோஸ், கரி ருவ்குன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. பரிசுக்குரிய கண்டுபிடிப்போ 1993இலேயே வெளியாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தின் கதையே என்னை அதிகம் ஈர்க்கிறது.

நமது உடற்கலங்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. ஆயினும் தசை தசையாகவும் நரம்பு நரம்பாகவும் உருவாகின்றன. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடே இதற்குக் காரணம். அக்கட்டுப்பாடு பெரும்பாலும் புரதங்களின் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

1980களின் பிற்பகுதியில், ரொபேர்ட் ஹோர்விட்ஸின் ஆய்வுகூடத்தில் இவ்விருவரும் ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுவொன்றை ஆராய்ந்தனர். லின்-4 என்ற மரபணு பழுதுபட்ட புழு, தன் இளம்பருவ வளர்ச்சியையே மீண்டும் மீண்டும் நிகழ்த்தியது. பின்னர் அம்ப்ரோஸின் குழு, லின்-4 புரதம் எதனையும் உருவாக்குவதில்லை என்றும், 22 எழுத்துகள் கொண்ட சிறு ஆர்.என்.ஏ. துண்டையே தருகிறது என்றும் கண்டது. லின்-14 என்ற மற்றொரு மரபணுவின் செய்தி உருவான பின்னரும் அதன் புரதம் தடுக்கப்படுவதை ருவ்குனின் குழு கண்டது. 1992இல் இருவரும் தத்தம் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டனர். சிறு துண்டின் எழுத்துகள், லின்-14 செய்தியின் வாற்பகுதியுடன் இணைசேர்ந்தன. அங்கே ஒட்டிக்கொண்டு அது புரத உருவாக்கத்தைத் தடுத்தது.

பத்திரிகைக்காரனின் மொழியிற் சொன்னால், செய்தி எழுதப்பட்டுவிட்டது, அச்சேறவில்லை. தணிக்கையை வெறுத்துப் பழகிய எனக்கு, இத்தகைய தணிக்கையின்றி உடல் ஒழுங்காக வளராது என்பது வியப்பே.

ஆயினும் இது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று பலரும் ஒதுக்கிவிட்டனர். 2000ஆம் ஆண்டில் ருவ்குனின் குழு, லெட்-7 என்ற இன்னொரு சிறு துண்டு ஈயிலும் மீனிலும் மனிதனிலும் உண்டு எனக் காட்டியது. அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' என்ற பெயர் 2001இல் நிலைபெற்றது. மனிதரில் இவற்றுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் என இன்று அறிகிறோம். இவற்றின் ஒழுங்கு குலைந்தால் புற்றுநோயும் தோன்றலாம்.

1993இல் வெளியான அம்ப்ரோஸ் குழுவின் கட்டுரையில் முதற்பெயர் ரொசலின்ட் லீ. அவர் அம்ப்ரோஸின் துணைவியார். ஒரு நோபல் பரிசை மூவர் வரை பகிரலாம். 2024இல் மூன்றாம் இடம் வெறுமையாகவே விடப்பட்டது. செய்தியின் மேல் யார் பெயர் வரவேண்டும் என்று நாள்தோறும் தீர்மானிக்கும் தொழிலில் இருந்த எனக்கு, அந்த வெற்றிடம் கண்ணில் உறுத்துகிறது.