ஒரு நோயாளி, ஒரு கோப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நல்ல எலும்பு மருத்துவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே நிம்மதி கொண்டோம். இதய மருத்துவர் வேறோர் இடத்தில், சர்க்கரைக்குப் பார்ப்பவர் மற்றோர் இடத்தில். மூவருக்கும் இடையே தூது சென்றது, எக்ஸ்ரே உறைகளைத் துணிப்பையில் சுமந்தலைந்த நான் மட்டுமே. ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை உட்கொள்வது அறுவைக்கு முந்தைய நாள் மாலையில்தான் தெரியவந்தது. அறுவை ஐந்து நாள் தள்ளிப்போயிற்று. முதுமையில் இம்முறிவுக்குத் தாமதம் எத்துணை ஆபத்து என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த ஐந்து நாட்களின் வலிதான் இவ்வரலாற்றை என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்றொரு சிற்றூர். 1883 ஆகஸ்ட் 21 அன்று சூறாவளியொன்று அவ்வூரைச் சிதைத்தது. காயமுற்றோரைப் பேண வில்லியம் வொரால் மேயோ என்ற மருத்துவருக்குப் பிரான்சிஸ்கன் கன்னியர் துணைநின்றனர். அவர்தம் தலைவி அன்னை ஆல்ஃபிரட் மோஸ், இவ்வூருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்றார். மேயோ முதலில் தயங்கினார், அன்னை விடவில்லை. 1889இல் 27 படுக்கைகளோடு புனித மேரி மருத்துவமனை எழுந்தது. மேயோவின் புதல்வர்கள் வில்லியம், சார்லஸ் இருவரும் அங்கே அறுவை மருத்துவர்களாயினர். நோயாளிகள் பெருகவே, பிற மருத்துவர்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டனர்.

1901இல் வந்து சேர்ந்த ஹென்றி பிளம்மர் செய்த பணியே, என் நோக்கில், இவ்வரலாற்றின் உயிர்நிலை. அதுவரை மருத்துவர் ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டில் தனித்தனியே குறிப்பெழுதி வந்தனர். 1907இல் பிளம்மர் அதை மாற்றினார். நோயாளி ஒருவருக்கு ஓர் எண். அவ்வெண்ணுக்கு ஒரு கோப்பு. எந்த மருத்துவர் பார்த்தாலும் எழுதுவது அக்கோப்பில்தான். குறிப்பு மருத்துவரின் உடைமை என்ற நிலை நீங்கி, நோயாளியைப் பின்தொடர்வதாயிற்று. எளிய செயல்தான். என் துணிப்பைக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்திருந்தது!

1919இல் சகோதரர்கள் தம் உடைமையை இலாபநோக்கற்ற அறநிறுவனம் ஒன்றிற்கு அளித்தனர். மருத்துவர்களுக்கு ஊதிய முறை வந்தது. நோயாளியைச் சக மருத்துவரிடம் அனுப்பினால் தன் வருவாய் குறையும் என்ற அச்சத்திற்கு அங்கே இடமில்லை.

குழு மருத்துவத்தை எல்லோரும் வரவேற்றனர் என்று கருதிவிடலாகாது. மருத்துவச் செலவினங்களை ஆராய்ந்த அமெரிக்கக் குழு ஒன்று 1932இல் அதனைப் பரிந்துரைத்தபோது, அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் ஏடு கடுமையாக எதிர்த்தெழுதியது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள தனியுறவு குலையும் என்பது எதிர்ப்போர் வாதம். அதை முற்றாகத் தள்ளிவிட இயலாது. பெரிய கட்டடங்களில் நம்மைப் பெயர்சொல்லி அழைப்பவர் அரிது.

எலும்பு மருத்துவமும் இந்நிழலில் வளர்ந்தது. மேயோவில் அத்துறைக்குத் தலைமைதாங்கிய மெல்வின் ஹெண்டர்சன், எலும்பு மருத்துவர்களின் தகுதியைத் தேர்ந்து சான்றளிக்க 1934இல் தோன்றிய அமெரிக்க வாரியத்தின் முதல் தலைவரானார். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் செம்மைப்படுத்திய முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவையை, 1969இல் மார்க் கவன்ட்ரி மேயோவில் செய்தார். அவ்வாண்டிலேயே மூட்டு மாற்றப்பட்டோரைத் தொடர்ந்து கண்காணிக்கும் பதிவேடும் அங்கே தொடங்கியது. எந்த மூட்டு நிலைக்கிறது, எது தளர்கிறது என்பதை அறுவைக்கூடத்தில் அறிய முடியாது. ஆண்டுகள் பல கழித்து, பதிவேடுதான் சொல்லும்.

ஒரே கூரையின்கீழ்ப் பல பெயர்ப்பலகைகள் தொங்குவதாலேயே அது குழு மருத்துவம் ஆகிவிடாது. எலும்பு மருத்துவரைத் தேடுவோர் கைராசியை விசாரிப்பதோடு, வேறு மூன்றும் கேட்கலாம். முதுகுத்தண்டா, மூட்டா, கையா, எதில் அவர் மிகுதியும் பழகியவர்? என் பிற மருத்துவர்களோடு அவர் பேசுவாரா? அறுவைக்குப் பின் என்னை யார் தொடர்ந்து பார்ப்பார்?

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அவருடைய மாத்திரைகள், சோதனைகள் யாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைத்தான் மேசைமீது வைக்கிறேன்.