யாழ்ப்பாணமும் உணவுக் காவற் கல்வியும்

பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறு இயல்பாகவே புளிக்கத் தொடங்கிவிடும், அதுவே கள். அதே சாற்றைக் கருப்பநீராகப் பெற விரும்பும் தொழிலாளர், பாளையிற் கட்டும் முட்டியின் உட்புறத்திலே முன்னதாகவே சுண்ணாம்பு பூசிவிடுவர். சுண்ணாம்பு குறைந்தாற் சாறு புளித்துப்போம். கூடினாற் சுவை கெட்டுப் பனங்கட்டியும் பழுதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டுவரும் இந்தச் சிறு செய்கையில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. சாறு கெட்ட பின்னர் அதைத் திருத்த வழியில்லை. கெடக்கூடிய இடம் எதுவோ அவ்விடத்திலேயே காவல் வைத்தல் வேண்டும். உணவுப் பாதுகாப்பு என்று இன்று உலகெங்கும் பயிற்றப்படும் விஞ்ஞானத்தின் உயிர்நிலையும் இதுவே. கைப்பழக்கமாக இருந்த அறிவு பயிற்சி பெற்றோர் கையாளும் கல்வியாக மாறுவதற்கு நெடுங்காலம் சென்றது. அம்மாற்றத்தின் முதற்படி ஒன்று மானிப்பாயிலே வைக்கப்பட்டது.

குடாநாட்டின் நிலத்தை அறியாமல் அங்குள்ள நோய்களை அறிய முடியாது. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத நாடு அது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியில் நிற்கிறது; மக்கள் அதைக் கிணறு தோண்டி மொள்ளுகின்றனர். மழைநீர் எத்தனை விரைவாக இறங்குகிறதோ, மலசல கூடக் குழியின் கழிவும் அத்தனை விரைவாக இறங்கும். அமுதம் ஊறும் வழியும் நஞ்சு ஊறும் வழியும் ஒன்றாயிருப்பது இந்நிலத்தின் விதி போலும். 19ஆம் நூற்றாண்டிலே வாந்திபேதி பலமுறை வந்து ஊர்களைச் சூறையாடியது. அதைத் தெய்வக் குற்றமென்றும் கெட்ட காற்றின் வேலையென்றும் மக்கள் கருதினர். இலண்டன் நகரத்து வைத்தியரிற் பலரும் கெட்ட காற்றையே குறை கூறிக்கொண்டிருந்த காலம் அது. குடிநீரே வாந்திபேதியைக் காவுகிறதென்று ஜோன் சினோ என்னும் வைத்தியர் ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டி வாதித்தது 1854இல்.

அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிலே அவர் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல் என்பதை நினைத்தால், இதன் முன்மை விளங்கும். கிறீன் செய்த பெருஞ்செயல் மருந்து கொடுத்தது மாத்திரமன்று. தம் மாணவருக்குத் தமிழிலே கற்பிக்கத் துணிந்ததே அது. முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். 1873இல் அவர் தாயகம் திரும்பும் முன்னர் 60க்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறினர். அவர் முன்னின்று தமிழாக்கிய நூல்களுள் ஒன்று கட்டர் என்பாரின் உடற்கூற்று நூல். அதன் தமிழ்ப் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது. அங்காதிபாதம் உடலின் கூறு. சுகரணவாதம் உடலின் தொழில். உற்பாலனம் என்பதோ உடலை நோய் வராமற் பேணும் முறை. இன்று சுகாதாரம் என்று வழங்கும் பொருளுக்கு அன்று வகுக்கப்பட்ட சொல் அது. சொல் வழக்கொழிந்தது. எனினும், நோய் வந்தபின் தீர்ப்பது ஒரு கலை, வராமற் காப்பது வேறொரு கலை என்னும் பாகுபாடு அச்சொல்லோடு தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

காக்கும் கலைக்கென்று தனித் தொழிலாளர் தோன்றியது பின்னரே. 1926இல் களுத்துறையிலே றொக்பெல்லர் நிலையத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவர்கீழ்ச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சிகளும் என்ற ஏற்பாடு அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. 1949ஆம் ஆண்டின் உணவு மருந்துச் சட்டமும், அதன்பின் வந்த 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் பரிசோதகரின் கைக்கு வலிமை தந்தன. சாப்பாட்டுக் கடையின் குசினியிற் புகவும், மாதிரி எடுக்கவும், பழுதான பண்டத்தைக் கைப்பற்றவும், வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவரைக் கண்டதும் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்குவது ஊரறிந்த காட்சி. அவர் படலையைக் கடந்ததும் துடைப்பது நின்றுவிடுவதும் அவ்வாறே ஊரறிந்தது. முழு முறையின் குறை இந்தச் சிறு காட்சியிலே தெரிகிறது.

நெருப்புக் காய்ச்சல் அக்குறையை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. இலங்கையில் இந்நோய் நிலைகொண்ட பகுதிகளுள் யாழ்ப்பாணம் முக்கியமானது. கிணற்று நீரும் கடைச் சாப்பாடும் அதன் பாதைகள். நோயுற்றுத் தேறியவர் சிலரின் உடலிலே கிருமி ஆண்டுக்கணக்காகத் தங்கும். அவருக்கோ ஒரு குறையும் இராது. நியூயோர்க் நகரிலே மேரி மலன் என்னும் சமையற்காரி அவ்வாறு பல வீடுகளுக்கு நோயைப் பரப்பியது 1907இற் கண்டறியப்பட்டது. தாம் ஒருநாளும் காய்ச்சலிற் கிடந்ததில்லையே என்று அப்பெண் கடைசிவரை வாதாடினார். வட்டிலில் இருக்கும் சோற்றைப் பார்த்து அதைப் பரிமாறிய கையின் வரலாற்றைக் கூற எந்தப் பரிசோதகராலும் முடியாது. முடிந்த பண்டத்தைச் சோதிப்பதாற் பயன் மிகக் குறைவு என்பதே இதன் பொருள்.

இவ்வுண்மைக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது எதிர்பாராத ஓரிடத்தில். அமெரிக்கர் விண்வெளிக்கு மனிதரை அனுப்ப ஆயத்தம் செய்தபோது, அவர்களுக்கான உணவைப் பில்ஸ்பரி என்னும் மாவாலைக் கம்பெனி தயாரித்தது. விண்கலத்திலே வயிற்றோட்டம் வந்தால் வைத்தியர் இல்லை. ஒவ்வொரு பொதியையும் பிரித்துச் சோதித்தாலோ உண்பதற்குப் பொதி மிஞ்சாது. ஆகவே கம்பெனியின் விஞ்ஞானி ஹவார்ட் பௌமனும் அவர் கூட்டத்தினரும் செய்முறையையே காவல் செய்யும் வழியை வகுத்தனர். எந்தப் படியில் என்ன ஆபத்து நுழையக்கூடும் என்று முதலில் ஆராய்தல். எந்தப் படியிற் பிடித்தால் ஆபத்து நீங்குமோ அப்படியைத் தெரிதல். அங்கே மீறக்கூடாத எல்லையைக் குறித்து, இடைவிடாது கண்காணித்து, எல்லை மீறினால் உடனே திருத்தி, முறை சரியாக நடக்கிறதா என்று மறுபடியும் ஒப்பு நோக்கி, யாவற்றையும் எழுதிவைத்தல். ஹாசப் என்று சுருக்கமாக வழங்கும் முறை இதுவே. 1971இல் இது பொதுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1972இல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவுப் பரிசோதகருக்குப் பில்ஸ்பரி கம்பெனியே வகுப்பு நடத்திற்று. சோதிக்கப்படுவோர் சோதிப்போருக்கு ஆசிரியரான விந்தை அது! 1993இல் சர்வதேச உணவு நியம ஆணைக்குழு இம்முறைக்குரிய வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது.

இம்முறை குடாநாட்டின் வாசலுக்குக் கடல் வழியாக வந்தது. 1967இல் காரைநகரிலே நோர்வே மக்களின் உதவியோடு சீநோர் என்னும் மீன்பிடித் திட்டம் தொடங்கியபோதே, கரைக்கு வரும் மீனைத் தூரதேசச் சந்தைக்குரிய பண்டமாக்கும் எண்ணம் வேரூன்றியது. பின் போர் வந்தது. 1990களிலே குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டிருந்தது. மின்சாரமில்லாத இடத்திலே குளிரறை என்ற பேச்சுக்கு இடமேது? உப்பும் வெயிலுமே மீண்டும் மீனைக் காத்தன. கருவாடு அந்நாளிலே பழமையின் சின்னமாக இருக்கவில்லை, பிழைக்கும் வழியாக இருந்தது.

2009இற் போர் முடிந்த பின்னர் நீலக்கால் நண்டுக்கு அமெரிக்காவில் நல்ல சந்தை கிடைத்தது. அந்தச் சந்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1995இல் வெளியிடப்பட்டு 1997 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கடலுணவு விதி, ஹாசப் முறையிற் பயிற்சி பெற்றவர் அல்லது அதற்கு ஈடான அனுபவம் உடையவர் ஒருவரே காவற் திட்டத்தை வகுக்கவும் ஏடுகளை ஒப்பு நோக்கவும் வேண்டுமென விதிக்கிறது. பிறநாட்டிலிருந்து வரும் பண்டத்துக்கும் அவ்விதி பொருந்தும். வல்லமை மிக்க யந்திரம் இருந்தும் பயிற்சி பெற்ற ஆள் இல்லையேல் நண்டு கப்பலேறாது.

அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பவர் பெரும்பாலும் கரையோரக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் பிரித்த சதை தகரத்தில் அடைக்கப்பட்டு, வெந்நீரிற் குறித்த நேரம் சூடாக்கப்பட்டு, உடனே குளிர்விக்கப்படுகிறது. காற்றில்லாத தகரத்துக்குள் வளரும் பொட்டுலினம் என்னும் கிருமியின் நஞ்சு மணத்தாலோ நிறத்தாலோ வெளிப்படாது. குளிர் ஏறக்குறைய 3 பாகைக்கு மேலே செல்லாதிருப்பதே அதற்குரிய தடை. காவற் திட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆயின், கையிற் காயமுள்ளவர் ஏன் அன்று மேசையில் அமரக்கூடாது, வெப்பமானியின் ஊசி ஒரு கோடு தாண்டினால் ஏன் முழுத் தொகுதியையும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பவற்றைத் தமிழிலேயே விளக்கியாக வேண்டும். மானிப்பாய் வகுப்பிலே கிறீன் எதிர்கொண்ட வேலையே இது. நோயாளிக்குப் பதிலாக நண்டு வந்திருக்கிறது. காரணம் விளங்கிய பெண் கண்காணிப்பாளர் இல்லாத வேளையிலும் கை கழுவுகிறாள். சூடாக்கிய நேரமும் குளிர்ந்த அளவும் ஏட்டிற் பதியப்பட்டு, பயிற்சி பெற்றவரின் கையொப்பம் விழுந்த பின்னரே தகரங்கள் குளிர்வண்டியில் ஏறித் தெற்கே புறப்படுகின்றன.